செவிவழிக் கலைக்கு ஓர் இலக்கணம்: டேவிட் பேக்கரின் இசைவாழ்வு

ஜொகூர் பாருவில் அரச விழாவோ பள்ளி அணிவகுப்போ நடைபெறும் நாளில் தெருவோரம் நிற்போர் கண்ணில் முதலில் படுவது பித்தளைக் கருவிகளின் பளபளப்பு. டிரம்பெட், டூபா என வரிசையாகச் செல்லும் அக்கருவிகளுக்கிடையே ஒன்றை இசைப்பவரின் வலக்கை மட்டும் முன்னே நீண்டும் பின்னே மடங்கியும் ஓயாது இயங்கும். அக்கருவியே டிராம்போன். இத்தகைய இசைக்குழுவை மலாய்மொழி 'பஞ்சராகம்' என்று வழங்குகிறது. 'பஞ்ச' என்பதும் 'ராகம்' என்பதும் வடமொழிவழி மலாயில் கலந்த சொற்கள். ஆதலால் ஐரோப்பியக் கருவிகள் முழங்கும் குழுவின் பெயர் நம் செவிக்கு அயலாக ஒலிப்பதில்லை. இம்மாநிலத்தில் அக்கருவிகளின் வழக்கமும் நெடியது. ஜொகூர் மாநிலப் பண்ணுக்கு 1879ஆம் ஆண்டில் இசையமைத்தவர் மெக்கர்டிச் காலிஸ்தான் என்னும் ஆர்மீனிய மரபினர். சுல்தான் அபு பாக்கார் காலத்தில், 1886ஆம் ஆண்டில் அமைந்த ஜொகூர் இராணுவப் படைக்கும் தனக்கென ஓர் இசைக்குழு உண்டு.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது டிராம்போன் கலைஞர் ஒருவரின் வரலாறு. அவர் பெயர் டேவிட் பேக்கர். அமெரிக்காவில் பிறந்து, ஜாஸ் இசையில் டிராம்போன் கலைஞராகப் பெயர்பெற்று, உடற்காயத்தால் அக்கருவியைக் கைவிட நேர்ந்து, பின்னர் அவ்விசையின் தலைசிறந்த ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கியவர். மொழி மன்றத்தின் உரைவரிசையில் இசைக்கலைஞர் ஒருவருக்கு இடம் ஏன் என்று சிலர் வினவலாம். செவிவழியாக மட்டும் கைமாறிவந்த ஒரு கலைக்கு அவர் இலக்கணம் வகுத்தார். அவ்விலக்கணத்தால் அக்கலை இறுகிப்போகாமல் பார்த்துக்கொண்டார். எழுதப்படாத பாடல்களையும் ஏட்டில் ஏறாத வாசிப்பு முறைகளையும் இன்னும் கையில் வைத்திருக்கும் நமக்கு இவ்வரலாறு பயன்படும் என்பதே நம் கருத்து.

1. கருவியின் இயல்பு

பேக்கரின் வாழ்வை விளங்கிக்கொள்ள முதலில் அவர் கருவியை அறிதல் வேண்டும். டிராம்போன் ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளமுள்ள குழாயை வளைத்துச் செய்த கருவி. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் வழக்கில் உள்ளது. நாகசுரத்திலோ புல்லாங்குழலிலோ விரல் மூடித் திறக்கும் துளைகள் உண்டு. டிராம்போனில் துளைகள் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரட்டைக் குழாயை நீட்டியும் சுருக்கியும் ஒலியைத் தாழ்த்துவர், உயர்த்துவர். அதற்கு ஏழு நிலைகள் உள. ஒவ்வொரு நிலையும் முன்னையதைவிட அரைச் சுர அளவு தாழ்ந்தது. அந்நிலைகளைக் காட்டும் குறியெதுவும் குழாயின்மேல் இல்லை. வீணையின் மெட்டுபோல விரலுக்கு வழிகாட்டும் தடையும் இல்லை. இசைப்பவர் செவியே அளவுகோல்.

அடுத்தது உதடு. நாகசுரத்தில் சீவாளி அதிர்ந்து ஒலி பிறக்கிறது. டிராம்போனிலோ இசைப்பவரின் உதடுகளே சீவாளியாகி அதிர்கின்றன. உலோகத்தாலான வாய்க்கிண்ணத்தில் உதடுகளை அழுத்தி, அவற்றின் இறுக்கத்தை நொடிதோறும் மாற்றி, ஒரே குழாய் நிலையில் பல சுரங்களை எழுப்புவர். அவ்வுதடுகளைத் தாங்குவது தாடை. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர் பல்லையும் இதழையும் நாவையும் அண்ணத்தையும் எண்ணியதை இங்கு நினைவுகூரலாம். டிராம்போன் கலைஞருக்கும் ஒலி பிறக்கும் இடம் தம் உடலே. ஆதலால் தாடையில் ஏற்படும் சிறு பிழையும் அவருக்குப் பேரிழப்பாகும்.

தொடக்ககால ஜாஸ் குழுக்களில் டிராம்போன் பெரும்பாலும் துணைக்கருவியாகவே நின்றது. டிரம்பெட் பாட்டை எடுத்துச்செல்ல, டிராம்போன் கீழ்ச்சுரங்களில் இழைந்து வழுக்கி அதைத் தாங்கும். 1940களில் எழுந்த 'பீபாப்' என்னும் விரைவிசை அதற்குச் சோதனையாயிற்று. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோனிலும் டிரம்பெட்டிலும் நொடிக்குப் பல சுரங்களைப் பொழிந்தபோது, நீட்டி மடக்கும் குழாயால் ஈடுகொடுக்க இயலுமா என்னும் ஐயம் எழுந்தது. இயலும் என்று காட்டியவர் ஜே. ஜே. ஜான்சன். அவர் வாசிப்பு அத்துணை விரைவும் தெளிவும் உடையதாக இருந்தமையால், இசைத்தட்டில் மட்டும் கேட்டோர் அதனை விசைப்பொத்தான் பொருத்திய டிராம்போன் என்றே கருதினர். அந்த ஜான்சன் பிறந்த ஊரும் பேக்கர் பிறந்த ஊரும் ஒன்றே.

2. ஊரும் பள்ளியும்

டேவிட் நதானியேல் பேக்கர் 1931ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இண்டியானா மாநிலத்தின் தலைநகரான இண்டியானாபொலிஸில் பிறந்தார். கறுப்பின மக்களுக்குப் பள்ளியும் குடியிருப்பும் விடுதியும் தனியே ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அவர் பயின்ற கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப்பள்ளி, கறுப்பின மாணவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் நோக்குடன் 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிரித்துவைக்க எழுப்பிய அப்பள்ளி, அங்குப் பணியாற்றிய நல்லாசிரியர்களின் உழைப்பால், கறுப்பினக் கலைஞர்களின் விளைநிலமாயிற்று. ஜே. ஜே. ஜான்சன் அப்பள்ளி மாணவர். பின்னாளில் டிராம்போனில் பெயர்பெற்ற ஸ்லைட் ஹாம்ப்டனும் அவ்வூரில் வளர்ந்தவரே.

பள்ளி ஒருபுறம் கற்பித்தது. தெரு மறுபுறம் கற்பித்தது. இண்டியானா அவென்யூ என்னும் வீதியில் கறுப்பினத்தார் நடத்திய இசையரங்குகள் வரிசையாக இருந்தன. கிட்டார் மேதை வெஸ் மான்ட்கோமரி போன்றோர் அங்கே வாசித்தனர். இளையோர் அவர்களைக் கேட்டும், அருகிருந்து பார்த்தும், துணிந்து உடன் வாசித்தும் கற்றனர். அங்குப் பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. தவறாக வாசித்தவன் அன்றிரவே அதனை உணர்வான். மறுநாள் திருத்திக்கொண்டு வருவான். தஞ்சை மாவட்டத்து நாகசுரக் கலைஞர்களின் இல்லங்களில் மாணாக்கர் பயின்ற முறைக்கும் இதற்கும் உள்ள உறவை நாம் எளிதில் உணரலாம். இரண்டிலும் ஆசிரியரின் வாழ்வே பாடநூல். ஆசிரியர் மறைந்தால் அந்நூலும் மறைந்துவிடும்.

3. பட்டமும் தடையும்

பேக்கர் புளூமிங்டன் நகரிலுள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி பயின்று 1953ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டமும் 1954ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கு அவர் கற்றது ஐரோப்பியச் செவ்வியல் இசை. ஜாஸ் இசைக்கு அந்நாளில் அப்பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் கிடையாது. பகலில் ஒன்றும் இரவில் மற்றொன்றுமாக இரு மொழிகளில் பேசிப் பழகிய மாணவரைப்போல அவர் வளர்ந்தார். இவ்விருமொழிப் பயிற்சி பின்னர் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1950களின் நடுப்பகுதியில் மிசௌரி மாநிலத்திலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி கிடைத்தது. அங்கு நெடுநாள் நீடிக்க இயலவில்லை. அவர் மணந்துகொண்ட பெண்மணி வெள்ளையினத்தைச் சேர்ந்த பாடகி. இனம் கடந்த திருமணத்தை மிசௌரி மாநிலச் சட்டம் அந்நாளில் தடைசெய்திருந்தது. பணியைத் துறந்து அவர் வெளியேற நேர்ந்தது. அத்தகைய சட்டங்கள் யாவும் செல்லாதவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967ஆம் ஆண்டில்தான். கற்பிக்கும் தகுதியும் விருப்பமும் உடைய ஒருவரிடமிருந்து வகுப்பறையைப் பறித்தது சட்டம். அவர் வாழ்வின் முதல் பேரிழப்பு அது.

4. கருவியை இழந்தமை

இரண்டாம் இழப்பு உடலைச் சார்ந்தது. 1953ஆம் ஆண்டில் நேர்ந்த கார் விபத்தில் பேக்கரின் தாடை காயமுற்றது. அக்காயத்தோடு அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து வாசித்தார். அவர் புகழ் உயர்ந்ததும் அவ்வாண்டுகளில்தான் என்பது எண்ணத்தக்கது.

1959ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெனாக்ஸ் ஜாஸ் பள்ளியில் பயில உதவித்தொகை பெற்றுச் சென்றார். கோடைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் நடைபெற்ற பள்ளி அது. ஆயினும் தேர்ந்த ஜாஸ் கலைஞர்களே அங்கு ஆசிரியர்களாக அமர்ந்து கற்பித்தனர். ஜாஸ் இசையைச் செவியால் மட்டுமன்றி ஆய்வறிவாலும் அணுகலாம் என்பதை அப்பள்ளி நடைமுறையில் காட்டிற்று. அங்குக் கற்பித்தவர்களுள் ஜார்ஜ் ரஸ்ஸல் என்பாரும் ஒருவர். ஜாஸ் இசையின் சுரவமைப்புக்கெனத் தனிக் கோட்பாடு ஒன்றை 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட சிந்தனையாளர் அவர். ரஸ்ஸலின் அறுவர் குழுவில் பேக்கர் டிராம்போன் கலைஞராக இடம்பெற்றார். 1960, 1961ஆம் ஆண்டுகளில் அக்குழு பதிவுசெய்த இசைத்தட்டுகள் இன்றும் போற்றப்படுகின்றன. குவின்சி ஜோன்ஸின் பெருங்குழுவிலும் அவர் வாசித்தார்.

1962ஆம் ஆண்டில் 'டவுன்பீட்' என்னும் ஜாஸ் இதழ் அவரைப் புதிதாய் ஒளிரும் கலைஞராகத் தேர்ந்து பாராட்டியது. அதே காலத்தில் அவர் தாடை அவரைக் கைவிட்டது. உதட்டின் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லாமற்போயிற்று. முப்பது வயதளவில், கைகூடிவந்த புகழின் நடுவே, டிராம்போனை அவர் கீழே வைத்தார்.

அவர் அடுத்து எடுத்த கருவி செல்லோ. வயலினைவிடப் பெரியதாய், முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழைக்கும் நரம்புக் கருவி அது. அதன் ஒலியெல்லை டிராம்போனின் ஒலியெல்லைக்கு அருகிலுள்ளது. அதிலும் மெட்டுகள் இல்லை. அங்கும் செவியே சுரத்தின் இடத்தைக் காட்டவேண்டும். ஆயினும் மூச்சால் வாழ்ந்தவர் வில்லால் வாழக் கற்பது எளிதன்று. தேர்ந்த கலைஞர் ஒருவர் மீண்டும் தொடக்கநிலை மாணாக்கராக அமர்ந்தார். தாம் அறியாமலே செய்துவந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, மீண்டும் வேறோர் உடலசைவில் கூட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது. நல்ல ஆசிரியருக்கு வேண்டிய பயிற்சியும் இதுவே. தமக்கு எளிதாக வருவது மாணாக்கருக்கு ஏன் அரிதாக உள்ளது என்பதை, ஒருமுறை இழந்து மீண்டும் கற்றவரே நன்கறிவார்.

5. பல்கலைக்கழகத்தில் ஜாஸ்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜாஸ் இசையை ஏற்கத் தயங்கின. அது கேளிக்கை விடுதிகளின் இசை என்றும், கற்பிக்கத்தக்க ஒழுங்கு அதற்கில்லை என்றும் கருதியோர் பலர். வட டெக்ஸாஸ் மாநிலக் கல்லூரி 1947ஆம் ஆண்டில் இதற்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது 'ஜாஸ்' என்னும் சொல்லைத் தவிர்த்து 'நடன இசைக்குழு' என்றே பெயரிட்டது. பாடம் உள்ளே வந்தும் அதன் பெயர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டது எனலாம்.

இச்சூழலில் 1966ஆம் ஆண்டில் பேக்கர் தாம் பயின்ற இண்டியானா பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். ஜாஸ் பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1968ஆம் ஆண்டில் அது பட்டப்படிப்பாக மலர்ந்தது. ஆனால் கையில் எடுத்துக் கற்பிக்கப் போதிய நூல்கள் இல்லை. முன்னோர் வாசித்த இசைத்தட்டுகள் இருந்தன. வாசித்தோர் பலர் உயிருடன் இருந்தனர். 'இதன்பின் இதைக் கற்க' என்று வரிசைப்படுத்திய ஏடுகளோ மிகச் சில. அக்குறையை நிரப்பும் பணியில் அவர் இறங்கினார். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாஸ் கற்பனையிசைப் பயிற்சி நூல், எக்கருவியை இசைப்போரும் பயிலத்தக்க முறையில் அமைந்தது. தொடர்ந்து அவர் எழுதிய நூல்கள் அறுபதுக்கும் மேற்பட்டவை. தனித்தனிக் கலைஞர்களின் வாசிப்பைக் குறியீட்டில் பெயர்த்து, அவர்தம் நடையை ஆய்ந்த நூல்களும் அவற்றுள் அடங்கும். தம் ஊர் முன்னோடியான ஜே. ஜே. ஜான்சனின் வாசிப்பையும் அவ்வாறே நூலாக்கினார்.

6. எட்டாம் சுரம்

அவர் வகுத்த இலக்கணம் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இசைப் பயிற்சி இல்லாதவரும் விரல்விட்டு எண்ணித் தொடரலாம்.

நம் இசையில் அரிகாம்போதி என்னும் மேளம் உண்டு. அதன் சுரங்களை மேலிருந்து கீழாகச் சொன்னால் ச, நி, த, ப, ம, க, ரி என ஏழு. இதற்கு நிகரான சுரவரிசை ஜாஸ் இசையிலும் பெருவழக்கு. அங்கு ஒருவர் தனித்து வாசிக்கும்போது, பியானோ இசைப்பவர் அவருக்குத் துணையாக ச, க, ப, நி ஆகிய நான்கையும் ஒருசேர ஒலிப்பார். நம் தம்புராவைப்போல அது பின்னணியில் நிற்கும். ஆனால் பாட்டின் போக்கிற்கேற்ப அடிக்கடி மாறும்.

தனித்து வாசிப்பவர் பொதுவாகத் தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு சுரம் வாசிப்பார். ஏழு சுரங்களையும் அப்படியே இறங்கு வரிசையில் வாசித்தால் அடியில் விழுபவை ச, த, ம, ரி. துணைக்கருவி ஒலிக்கும் நான்கனுள் ச ஒன்றே அடியில் பொருந்தியது. ஏனைய மூன்றும் அடிக்கு வெளியே நழுவிவிட்டன. விரைந்து வாசிக்குங்கால் கேட்போர் செவிக்கு ஏதோ தடுமாற்றம் போலத் தோன்றும், காரணம் விளங்காது.

இப்போது ஏழுடன் ஒன்றைச் சேர்ப்போம். மேல் ச-வுக்கும் நி-க்கும் இடையே காகலி நிஷாதத்தை வழிச்சுரமாக வைத்தால் வரிசை எட்டாகிறது: ச, காகலி நி, கைசிகி நி, த, ப, ம, க, ரி. இதனை அடிக்கு இரண்டாக வாசித்துப் பார்க்க. முதல் அடியில் ச, இரண்டாம் அடியில் கைசிகி நி, மூன்றாம் அடியில் ப, நான்காம் அடியில் க. நான்கும் துணைக்கருவியின் சுரங்களே. ஐந்தாம் அடியில் மீண்டும் கீழ் ச வந்து நிற்கும். தடுமாற்றம் நீங்கி, எவ்வளவு விரைந்தாலும் ஓட்டம் நிலைபெறுகிறது. அரிகாம்போதியின் சேயாகிய கமாசு இராகத்தில் காகலி நிஷாதம் அயற்சுரமாக வந்து அழகு சேர்ப்பதை அறிந்தோருக்கு இவ்வமைப்பு வியப்பளிக்காது. எனினும் கமாசில் அது இராகத்தின் சுவைக்காக வருகிறது. இங்குத் தாளத்தின் பொருத்தத்துக்காக வருகிறது. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

இதனைப் பேக்கர் படைக்கவில்லை. பார்க்கரும் கில்லெஸ்பியும் முன்னரே இவ்வாறு வாசித்திருந்தனர். அவர்தம் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அங்கு மீண்டும் மீண்டும் வரும் வழக்கைக் கண்டறிந்து, 'பீபாப் சுரவரிசை' என்று பெயரிட்டு, பயிற்சியாக வகுத்ததே பேக்கர் செய்த பணி. இலக்கியம் முன்னே நிற்க அதைக் கண்டு இலக்கணம் பின்னே வருதல் தமிழ் மரபு ஏற்றுக்கொண்ட முறை. அம்முறையில் பார்த்தால் பேக்கர் விதி விதித்தவர் அல்லர். வழக்கை ஆராய்ந்து நூல் செய்தவர்.

7. ஒரு தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழும். ஏட்டில் ஏற்றினால் கலை உயிரிழக்காதா? பல்கலைக்கழகத்தில் பயின்றோர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வாசிக்கமாட்டார்களா? ஜாஸ் உலகில் இவ்வினா இன்றளவும் எழுப்பப்படுகிறது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இண்டியானா அவென்யூவில் ஓர் இரவு வாசிப்பிலிருந்து பெற்ற பாடத்தை எந்த நூலும் முழுமையாகத் தந்துவிடாது.

நம்மவரும் இதே வினாவை எதிர்கொண்டுள்ளனர். 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', கமகங்களுக்கும் குறியீடு அமைத்துக் கீர்த்தனைகளை எழுத்தில் தந்தது. 1917ஆம் ஆண்டில் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. 1929ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழகத்தில் இசைக்கல்விக்கு வகுப்பறை அமைத்தது. இவற்றால் இசை அழிந்துவிடவில்லை. அதேபோல, குறியீட்டை மட்டும் பார்த்துப் பாடி எவரும் வித்துவான் ஆகிவிடவும் இல்லை.

இத்தடைக்குப் பேக்கரின் வாழ்வே விடை தருகிறது. அவர் நூல்களில் விதிகளோடு முன்னோரின் வாசிப்புகளும் நின்றன. மாணாக்கர் அவ்வாசிப்புகளைக் கேட்டே விதியை அறிய வேண்டியிருந்தது. அவர் வகுப்பறைக்குப் பக்கத்தில் எப்போதும் இசைக்குழு இருந்தது; கற்றதைப் பலர்முன் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. விளைவையும் பார்ப்போம். அவரிடம் பயின்றோருள் சாக்ஸபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர், முரசிசைக் கலைஞர் பீட்டர் எர்ஸ்கின், டிரம்பெட் கலைஞர் ராண்டி பிரெக்கர் ஆகியோர் அடங்குவர். இவர்தம் நடைகள் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. மற்றொரு மாணவரான ஜேமி ஏபர்சோல்டு, துணைக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் இசைத்தட்டுகளை 1967ஆம் ஆண்டு முதல் வெளியிடலானார். குழு கிடைக்காத ஊரிலும் வீட்டில் இருந்தபடியே உடன் வாசித்துப் பழக அவை உதவின. இண்டியானா அவென்யூவில் பிறந்த பயிற்சிமுறை இவ்வாறு கடல் கடந்தது.

8. இரு மொழிகளின் புலவர்

ஆசிரியப்பணி பேக்கரின் படைப்பாற்றலைக் குறைக்கவில்லை. அவர் இயற்றிய இசைப்படைப்புகள் இரண்டாயிரத்தைத் தாண்டும் என்பர். இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடன் பணியாற்றிய ஹங்கேரி நாட்டுச் செல்லோ மேதை யானோஸ் ஸ்டார்க்கருக்காகவும் வயலின் ஆசிரியர் ஜோசப் கிங்கோல்டுக்காகவும் அவர் இசை அமைத்தார். ஜாஸ் குழுவையும் செவ்வியல் இசைக்குழுவையும் ஒரே படைப்பில் உரையாடச் செய்தார். 1973ஆம் ஆண்டில் அவர் படைப்பொன்று புலிட்சர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பெற்றது. 2006ஆம் ஆண்டில் கைப்பேசிகளின் அழைப்பொலியையும் பெருங்குழு இசையோடு சேர்த்து ஒரு படைப்பைச் சிகாகோவில் அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 74. அரங்கில் கைப்பேசி ஒலித்தால் முகம் சுளிக்கும் நம் காலத்தில், அவ்வொலிக்கும் இசையில் இடம் தந்த அவர்தம் நகைச்சுவை சுவைக்கத்தக்கது.

1990ஆம் ஆண்டில் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஜாஸ் பேரிசைக்குழு ஒன்றை அமைத்தது. முற்காலத்துப் பெருங்குழுக்களின் படைப்புகளை மீண்டும் ஒலிக்கச் செய்வது அதன் நோக்கம். இசையறிஞர் குந்தர் ஷுல்லரோடு பேக்கர் அதன் பொறுப்பை ஏற்று, இரு பதிற்றாண்டுகளுக்கு மேல் அதனை வழிநடத்தினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தேசியக் கலை அறக்கட்டளை 'ஜாஸ் மாமேதை' என்னும் உயரிய விருதை அவருக்கு வழங்கியது. 2016ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தம் 84ஆம் வயதில், புளூமிங்டன் நகரில் அவர் மறைந்தார். டிராம்போன் கலைஞராக அவர் வாழ்ந்தது சில ஆண்டுகளே; ஆசிரியராக வாழ்ந்ததோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

9. நமக்குரிய பாடம்

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வேலைப்பாட்டும் பல தலைமுறைகளாக வாய்மொழியாகவே வாழ்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடம்தந்தும் போனபின் அங்கிருந்தோர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பாட்டி அறிந்த பாட்டைப் பேத்தி அறியாமல் இருப்பதை நம் குடும்பங்களில் நாமே காண்கிறோம். கோயில் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. அதனை நின்று கேட்போர் உளர். பக்கத்தில் அமர்ந்து கற்போர் எத்தனைபேர் என்று எண்ணிப்பார்த்தால் மனம் கலங்குகிறது. உறுமியையும் பறையையும் கையில் எடுக்கும் இளைஞர்கள் உளர். அவர்கள் தாளக்கட்டுகளை வரிசைப்படுத்திக் கற்க வழியமைத்துத் தருவோர் குறைவு.

பேக்கரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, கலைஞர் வாழுங்காலத்திலேயே கேட்டுப் பதிவுசெய்தல். உதட்டிலும் விரலிலும் வாழும் அறிவு, அவ்வுடலோடு மறைந்துவிடும். பேக்கருக்குத் தாடை பழுதானபோதும் அவர் எஞ்சியிருந்தார். தாம் அறிந்ததை வேறு வழியில் சொல்ல முடிந்தது. எல்லோருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை.

இரண்டாவது, பதிவுசெய்ததை ஆராய்ந்து பெயரிடுதல். ஒலிநாடாக்களையும் காணொளிகளையும் பெட்டியில் அடைத்துவைத்தால் அவை கல்வி ஆகமாட்டா. இப்பாட்டின் நடை இது, இத்தாளத்தின் கட்டு இது, இவ்வொலிப்பின் காரணம் இது என்று வகுத்துச் சொன்னால்தான் ஆசிரியர் அதனைக் கற்பிக்க முடியும். மொழிப்பயிற்சி உடையோர் இசையறிஞரோடு கைகோத்துச் செய்யவேண்டிய பணி இது. கலைச்சொல் ஆக்குவதில் நமக்குள்ள பழக்கம் இங்கு நன்கு பயன்படும்.

மூன்றாவது, எழுதியதை மீண்டும் செவிக்கே ஒப்படைத்தல். நூலில் கற்ற மாணவர், கற்றதை மக்கள் நடுவே வாசிக்கவேண்டும். மூத்தோர் கேட்டுத் திருத்தவேண்டும். அவ்வாறன்றி ஏட்டோடு நின்றுவிட்டால் தடை எழுப்பியோரின் அச்சம் உண்மையாகிவிடும்.

அடுத்த முறை ஜொகூர் பாருவின் தெருவில் அணிவகுப்பு வரும்போது, நீண்டு மடங்கும் அந்த டிராம்போனை நாம் சற்று நின்று கேட்போம். அன்று மாலையே கோயிலில் மங்கல இசை ஒலிக்கக்கூடும். வாசித்து முடித்து, சீவாளியைத் துடைத்து வைக்கும் நாகசுரக் கலைஞரிடம் சென்று, "ஐயா, இன்று நீங்கள் வாசித்தது யாரிடம் கற்றது? எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்போம். பணி அங்கிருந்து தொடங்கட்டும்.